நான் பாத்ரூமில் வழுக்கி விழவில்லை

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு நாட்கள் இதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்ததன் பலன்தான் என் வலது காலுக்குள் இன்று இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள். நான் விழுந்தது ஓசூரில் ஒரு அபார்ட்மென்ட்டின் பாஸ்கெட்பால் கோர்ட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு. இரண்டு காலிலும் ரோலர் ஸ்கேட்ஸ். பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது முப்பத்தொன்பது. போதுமா?

போதாது என்று தெரியும். எங்கள் தெருவில், என் கம்பெனியில், கல்லாவியில் இருக்கும் என் மாமியார் வீட்டுச் சொந்தத்தில் எல்லோரும் இன்னும் பாத்ரூம் கதையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து இது எட்டாவது வாரம். இன்னும் காலை ஊன்றக் கூடாது. கோபம் மட்டும் எழுந்து வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருக்கிறது.

என் பெயர் அமுதா. அப்பா விருதுநகர் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவர். நான் படித்த பள்ளியில் சிமெண்ட் தரை ஒன்று இருந்தது. அதில் வாரம் இரண்டு நாள் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தார்கள். செருப்பின் மேலேயே வார் போட்டுக் கட்டும் இரும்புச் சக்கரம். ஐந்தாவது படிக்கும்போது மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு வாங்கினேன். பன்னிரண்டு வயதில் எனக்குச் சடங்கு சுற்றினார்கள். மறுவாரம் ஸ்கேட்ஸ் பரணுக்குப் போய்விட்டது. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துத் தரவில்லை, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

இருபத்தேழு வருடம் கழித்து, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு போஸ்டர் பார்த்தேன். ‘ரோலர் டான்ஸ். பெரியவர்களுக்கும்.’ அந்த ‘பெரியவர்களுக்கும்’ என்பதை மூன்று நாள் பஸ் வரும்வரை திரும்பத் திரும்பப் படித்தேன். நான்காம் நாள் போன் செய்தேன்.

சொல்லிக்கொடுப்பவள் காவ்யா. அத்திப்பள்ளிக்காரப் பெண், இருபத்தாறு வயது. பெங்களூரில் வேலை, வீட்டு வாடகைக்குப் பயந்து ஓசூரில் குடியிருக்கிறாள். அவள் தமிழில் பாதி கன்னடம். “சொல்ப முட்டி மடக்குங்க அக்கா. நேரா நின்னா நேரா விழுவீங்க.” முதல் நாள் கூடைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். கணுக்காலுக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருந்தது. இடுப்புக்குத்தான் எதுவும் ஞாபகம் இல்லை.

நான் வேலை செய்வது ஒரு உதிரிபாகக் கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, ஒரே மாதிரி புஷ்களை, அதாவது சின்ன இரும்பு வளையங்களை, ஒவ்வொன்றாக கேஜ் என்ற அளவுக் கருவியில் போட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே போனால் சரி, போகாவிட்டால் ரிஜெக்ட். என் கால்கள் நிற்பதற்கு மட்டுமே என்று நானே நம்பியிருந்தேன். காவ்யாவிடம் போன பிறகுதான் அவை நகர்வதற்கும் ஆனவை என்று தெரிந்தது. ‘ரிதம்’ என்று ஒரு வகை, பாட்டின் தாளத்துக்கு எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டே உருளுவது. ‘ஜாம்’ என்று ஒரு வகை, நின்ற இடத்திலேயே காலைப் பின்னி, தரையில் சுழன்று ஆடுவது. அது சின்னவர்களுக்கு. ‘ஷஃபிள்’ எனக்குப் பிடித்தது. எல்லோரும் வரிசையாக ஒரே அடவை வைத்துக்கொண்டு போவது. ஒருநாள் அந்த வரிசையை வட்டமாக மாற்றி, குனிந்து கை தட்டி நிமிர்ந்து பார்த்தேன். கும்மி! காவ்யா வாயைப் பிளந்தாள். அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் ஆறு பெண்கள் சக்கரத்தில் கும்மியடித்தோம். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. அதனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் செந்திலுக்கு இது தெரியும். தடுக்கவில்லை. யாராவது கேட்டால் மட்டும், “வாக்கிங் போயிருக்கா” என்று சொல்வார். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

விழுந்த அன்று கும்மியில் ஒரு திருப்பம் பழகிக்கொண்டிருந்தோம். ஒற்றைக் காலில் முன்னால் போய், அதே காலில் பின்பக்கமாகத் திரும்ப வேண்டும். கோர்ட்டில் இரண்டு சிமெண்ட் பலகைகள் சேரும் இடத்தில் ஒரு வெடிப்பு உண்டு. என் வலது காலின் முன்சக்கரம் அதில் மாட்டியது. உடம்பு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. வலி கணுக்காலில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக முழங்கால்வரை ஒரே இழுப்பாக ஏறியது. இந்த வாக்கியத்தைத்தான் அன்றைக்கு டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

காவ்யா ஷூவைக் கழற்றினாள். “அக்கா, கால் ட்விஸ்ட் ஆகி விழுந்தீங்க. டாக்டர்கிட்ட அத மறக்காம சொல்லுங்க, ஆய்த்தா?”

சரி என்றேன்.

செந்தில் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். என்னைத் தூக்கி உட்கார வைத்து, என் காலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். குழியில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் தன் கையை அடியில் கொடுத்துத் தாங்கினார். அந்தக் கரிசனத்தை நான் மறக்கவில்லை. ரயில்வே கேட் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: “யாராவது கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடு.”

“ஏன்?”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா அசிங்கம். இந்த வயசுல சக்கரம் கட்டிகினு ஆடினாளான்னு ஊரே சிரிக்கும். நமக்கெதுக்கு?”

எனக்கு வலி. பதில் சொல்லத் தெம்பில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், தெம்பு இருந்திருந்தாலும் அன்று சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. எனக்கும் உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் டியூட்டி டாக்டர் என்னைப் பார்க்காமல் செந்திலைப் பார்த்துக் கேட்டார்: “எப்படி விழுந்தாங்க?”

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வீங்கிய கால் அவர் மேஜைக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. வாய் நன்றாகவே இருந்தது.

“பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க சார்,” என்றார் செந்தில்.

டாக்டர் எழுதினார். கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை விளக்கு முன்னால் ஒரு நொடி பிடித்தார். “எலும்புக்கு ஒண்ணும் இல்ல. லிகமென்ட் இழுத்திருக்கு. கட்டுப் போட்டுக்கட்டும், ரெண்டு நாள் கழிச்சு மெதுவா நடக்கட்டும்.” லிகமென்ட் என்றால் எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டியிருக்கும் நார். நான் வாயைத் திறந்தேன். முழங்காலுக்குக் கீழேயும் வலிக்கிறது என்று சொல்ல வந்தேன். அதற்குள் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பிறகு பன்னிரண்டு நாட்கள்.

மறுநாளே மாமியார் கல்லாவியிலிருந்து ஊத்தங்கரை வந்து பஸ் மாறி வந்து இறங்கினார். பையில் முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை, ஒரு பாட்டில் எண்ணெய். நல்ல மனுஷி. வந்ததும் முதல் வேலையாக என் பாத்ரூமைத் தேய்த்தார். பிளீச்சிங் பவுடர் போட்டு, முட்டி போட்டு, ஒரு மணி நேரம் தேய்த்தார். “இத்தினி பாசி இருந்தா யாருதான் விழமாட்டாங்க?” அங்கே பாசியே கிடையாது. மூன்றாம் நாள் செந்தில் ரப்பர் பாய் வாங்கிவந்து விரித்தார். ஐந்தாம் நாள் டிரில் மெஷினைக் கொண்டுவந்து சுவரில் துளை போட்டு, ஸ்டீல் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினார். நான் விழவே விழாத பாத்ரூமுக்குக் கைப்பிடி! கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த டிரில் சத்தத்தைக் கேட்டேன். தான் சொன்ன பொய்க்குத் தானே ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த மனுஷனை என்ன சொல்வது?

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளோடு வந்தார்கள். ஆளுக்கு ஒரு பாத்ரூம் கதை சொன்னார்கள். எங்கள் ஏரியாவில் இத்தனை பெண்கள் பாத்ரூமில் விழுந்திருக்கிறார்களா என்று ஆச்சரியப்பட்டேன். ஸ்கூட்டி பழகும்போது விழுந்தவள், மாடியில் மாம்பழம் பறிக்கப் போய் விழுந்தவள், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவள், எல்லோருமே ஊருக்குப் பாத்ரூமில் விழுந்தவர்கள்தான் போலிருக்கிறது.

மாமியார் காலையும் மாலையும் எண்ணெயைச் சூடாக்கி என் காலை நீவிவிட்டார். கணுக்காலில் தொடங்கி மேலே மேலே. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் அவர் கட்டைவிரல் பட்டதும் நான் அலறுவேன். “நரம்பு பிசகி இருக்குதும்மா. அங்கதான் நல்லா அழுத்தணும், பொறுத்துக்க கண்ணு.” அவர் நெற்றியில் வியர்வை வடியும். எழுபதை நெருங்கும் கை, விடாமல் நீவும். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். அங்கேதான் எலும்பு உடைந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை வைத்தபோது, கணுக்கால் உள்ளே பிரிந்து நகர்வதை உணர்ந்தேன். கேஜில் சேராத பார்ட் கைக்குத் தெரிவது போலத் தெரிந்தது. “வேற ஆஸ்பத்திரி,” என்றேன். செந்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். “எப்படி விழுந்தீங்க?”

“பாத்ரூம்ல...” என்று தொடங்கினார் செந்தில்.

“நான் இவங்களக் கேட்டேன்,” என்றார் டாக்டர்.

மூன்று சொல். அதற்காக நான் இன்றைக்கும் அவரைக் கும்பிடுவேன். சொல்லிவிட்டேன். ஸ்கேட்ஸ், கும்மி, வெடிப்பு, திரும்பாத பாதம், மேலே ஏறிய வலி. இரண்டு கையாலும் செய்து காட்டினேன். செந்தில் தரையைப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கணுக்காலை விட்டுவிட்டு, கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் உள்ளங்கை வைத்து அழுத்தினார். நான் கத்திய கத்தலில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். “முழுக் காலையும் எக்ஸ்ரே எடுங்க. முழங்கால் தெரியணும்.”

படத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, மெல்லிய எலும்பில் சாய்வாக ஒரு கோடு. டாக்டர் ஒரு பேப்பரில் வரைந்து காட்டினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. இரண்டையும் கணுக்காலில் நார்கள் கட்டி வைத்திருக்கின்றன, நடுவில் ஒரு சவ்வு நீளமாக ஓடுகிறது. பாதம் மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு கீழே இருக்கும் நாரைக் கிழித்து, சவ்வைப் பிளந்துகொண்டு மேலே ஏறி, மெல்லிய எலும்பை உச்சியில் உடைத்துவிடும். அடிபட்டது கீழே, உடைந்தது மேலே. கணுக்காலை மட்டும் படம் எடுத்தால் உடைப்பு அதில் இருக்காது.

“சுத்தி விழுந்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே தேடியிருப்பாங்க,” என்றார். பிறகு, “சொல்லாட்டியும் முழங்கால் வரைக்கும் தொட்டுப் பாத்திருக்கணும். அது எங்க வேல,” என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

“மறுபடி ஸ்கேட்டிங் போக முடியுமா டாக்டர்?”

செந்தில் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“பன்னண்டு நாளைக்கு முன்னாடி வந்திருந்தா உறுதியா சொல்லியிருப்பேன். இப்ப சொல்ல முடியாதும்மா. ரெண்டு எலும்பையும் சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்கணும். நார் நல்லா ஒட்டிச்சுன்னா, ஆறு மாசம் கழிச்சு என்னை வந்து கேளுங்க.”

அன்றே அட்மிட் ஆனேன். ஆறு கட்டில் போட்ட வார்டு. வீக்கம் வடிய மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த மூன்று நாளும் நான் செந்திலோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் மோர் டம்ளரை நீட்டியபோது வெடித்துவிட்டேன்.

அவர் ஒரு வண்டித் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மெஷினில் ஷாஃப்ட், அந்தச் சுழலும் இரும்புத் தண்டு, உடைந்தால் கையில் எடுத்து, உடைந்த முகத்தை விரலால் தடவிப் பார்ப்பார். வளைந்து உடைந்ததா, முறுக்கி உடைந்ததா என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குப் பேர் உண்டு.

“ஆபரேட்டர் வந்து தானா ஒடஞ்சதுன்னு சொன்னா விடுவீங்களா? எப்படி ஒடஞ்சதுன்னு நாலு தடவ கேப்பீங்க இல்ல? பொய் சொன்னா ரிப்போர்ட் எழுதுவீங்க இல்ல? ஒரு இரும்புக்கு இருக்கிற மரியாத எங்காலுக்கு இல்லயா?”

செந்தில் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கெட்டது நெனச்சு செய்யல அமுதா.”

“தெரியும். அதுதான் இன்னும் எரியுது.”

அப்போதுதான் கவனித்தேன், மாமியார் சோற்றுப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து என் கட்டிலருகே உட்கார்ந்தார். ஸ்கேட்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் இரண்டு கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டு அழுதார். “ஒடஞ்ச எலும்புன்னு தெரிஞ்சிருந்தா நான் கைய வெச்சிருப்பனா? எங்கிட்ட மறைக்கணும்னு என்னயவே இந்தப் பாவத்த பண்ண வெச்சிட்டீங்களேடா!” அது மகனுக்குச் சொன்னது. எனக்கும் சேர்த்துத்தான். நானும் பன்னிரண்டு நாள் அவர் விரலுக்கடியில் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தவள்தானே. கோபப்பட வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது, நடுவில் எங்கோ இல்லை, மேலேயே இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் முனிரத்னம்மா. தளி பக்கம் ஒரு கிராமம், ரோஜாப் பண்ணையில் பூ அறுக்கும் வேலை. என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். தொடை எலும்பு உடைந்து கம்பி வைத்திருந்தார்கள். வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், என்னிடம் தமிழ். “நீங்க எப்படிம்மா விழுந்தீங்க?” என்று முதல் நாள் கேட்டேன்.

“பாத்ரூம்ல அக்கா,” என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கூட்டத்தில் இன்னொருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைப் பார்க்கத் தினமும் பண்ணை மேஸ்திரி வந்தார். பழம், பிஸ்கட், ஹார்லிக்ஸ். செலவு முழுக்க முதலாளியுடையது என்றார். கட்டில் காலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டாக்டர் வந்தாலும் எழுந்து போகமாட்டார். டாக்டர் எது கேட்டாலும் அவரே பதில் சொல்வார். அவள் தலையாட்டுவாள். கூலி வேலைக்காரிக்கு இவ்வளவு செய்யும் முதலாளியும் இருக்கிறாரே என்று நான்கூட மெச்சிக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது, ஆனால் விழித்திருப்போம். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள். டிரில் சத்தம் கேட்டது. பாத்ரூம் சுவரில் கேட்ட அதே சத்தம். எனக்குப் பயம் வந்தது அந்த ஒரு நிமிடம்தான். ஆறு மாசம் கழித்து அந்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் என்ன செய்வேன்? மறுபடி கேஜின் முன்னால் எட்டு மணி நேரம், ரிட்டயர் ஆகும்வரை, நிற்பதற்கு மட்டுமே ஆன காலோடு. கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது. மயக்க டாக்டர், “வலிக்குதாம்மா?” என்றார். இல்லை என்றேன். வலிக்கவில்லை. எரிச்சலாக இருந்தது, அழக்கூடக் கையைத் தூக்கித் துடைத்துக்கொள்ள முடியவில்லையே என்று.

அடுத்த நாட்களில் செந்தில் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தார். கட்டிலின் தலைமாட்டில் பக்கெட்டை வைத்து, பிளாஸ்டிக் ஷீட் விரித்து என் தலைக்குக் குளிப்பாட்டிவிட்டார். சிக்கெடுக்கும்போது நான்கு முடியைப் பிடுங்கினார். வார்டில் இருந்த பெண்கள் எல்லாம் கண் கொட்டாமல் பார்த்தார்கள். எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் தலை சுகமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷிக்கு இருக்கலாம் என்று அங்கே தெரிந்துகொண்டேன்.

காவ்யா ஒரு நாள் வந்தாள். அந்த வெடிப்பைத் தன் கையாலேயே சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டாளாம். மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “சக்கரத்து மேல கும்மி எப்படி அடிப்பீங்க?” என்று கேட்டார். காவ்யா போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினாள். மாமியார் கண்ணைச் சுருக்கி முழுசாகப் பார்த்தார். “கை தட்டறது லேட்டா வருது,” என்றார். அவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் பாத்ரூம் கதை!

டிஸ்சார்ஜ் நாள். காலையிலேயே பையைக் கட்டியாகிவிட்டது. மேஸ்திரி இன்னும் வரவில்லை, முனிரத்னம்மா தனியாகப் படுத்திருந்தாள். ஆபீஸிலிருந்து ஒரு பெண் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவந்து செந்திலிடம் கொடுத்தாள். என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று ஆஸ்பத்திரி எழுதித் தரும் காகிதம் அது. வாழ்நாள் முழுக்க அந்தக் காலோடு கூடவே வரும். நான் வாங்கிப் படித்தேன். முதல் பாராவிலேயே இருந்தது: பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அட்மிஷன் போடும்போது பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து யாரோ அப்படியே அடித்திருக்கிறார்கள்.

“இத மாத்துங்க,” என்றேன்.

“ஆபரேஷன் விவரமெல்லாம் கரெக்டா இருக்கு மேடம். அது சும்மா ஹிஸ்டரி.”

“அதான் தப்பு.”

“கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு மேடம். இப்ப விளையாட்டு, அது இதுன்னு மாத்தினா இன்ஷூரன்ஸ்காரங்க கேள்வி கேப்பாங்க. லேட்டாகும்.”

“கேக்கட்டும். சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்கு.”

சக்கர நாற்காலியைக் கொண்டுவந்த ஆயாவிடம், காகிதம் மாறாமல் நான் கட்டிலை விட்டு இறங்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. டியூட்டி டாக்டர் வந்தார், சின்ன வயசுக்காரர். வார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பழக்கதோஷம்போல செந்திலிடம் திரும்பினார்.

“என்ன சார் இது? சரி, எப்படித்தான் விழுந்தாங்க, நீங்க சொல்லுங்க.”

செந்தில் வாயைத் திறந்தார். மூடினார். பாத்ரூமில் கைப்பிடி போட்ட அந்தக் கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

“அவங்களையே கேளுங்க சார்,” என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பிப் பேனாவை எடுத்தார். சொன்னேன். நிறுத்தி நிறுத்தி, வார்டில் கடைசிக் கட்டில் வரை கேட்கிற மாதிரி. ரோலர் ஸ்கேட்ஸ் அணிந்து நடனம் பழகும்போது, வலது பாதம் சிக்கி, உடல் திரும்பியதில் முறுக்கி விழுந்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டார். ‘நடனம்’ என்ற இடத்தில் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். “ஆமா, நடனம்தான்,” என்றேன்.

முக்கால் மணி நேரத்தில் புதுக் காகிதம் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு, மடித்து என் பையில் நானே வைத்துக்கொண்டேன். செந்திலும் ஆயாவும் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கிளம்பும்போது பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். முனிரத்னம்மா முழங்கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் போய்விட்ட டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார்,” என்று கூப்பிட்டாள். இத்தனை நாளில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “எனக்கும் அந்தப் பேப்பர மாத்தணும் சார். ஆளுங்கள ஏத்திட்டுப் போற பண்ணை வண்டி, பின்கதவு இல்லாத வண்டி, அதுல இருந்து விழுந்தேன். மேஸ்திரிதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாரு.”

டாக்டர் நின்றார்.

“எங்க வீட்ல பாத்ரூமே கிடையாது சார்.”